'என் கைக்குச் செடி வராது!' - கைராசி மேல் பழியைப் போடும் முன் இதைப் படியுங்கள்

இந்தத் தொடரைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பும் கேள்விகளில் அடிக்கடி வரும் வரி ஒன்று உண்டு. "எங்க மாமியார் குச்சியை ஒடிச்சு நட்டாக்கூடத் துளிர்க்குது. நான் நர்சரியில காசு கொடுத்து வாங்கி வச்சாலும் பட்டுப்போகுது. எனக்குக் கைராசி இல்லைங்க." படித்ததும் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு மண் கலவை, வெயில், தண்ணீர் என்று வழக்கமான பதிலை எழுதி அனுப்பிவிடுவேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை திருக்கோவிலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே வரியை அம்மா சொன்னார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடிப்படிக்குக் கீழே பன்னிரண்டு க்ரோ பேக்குகளும் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. ஆடிப்பட்டத்துக்கு மண்ணைக் கிளறி, உரம் கலந்து வைத்திருக்க வேண்டிய நேரம் அது. "இந்த வருஷம் ஒண்ணும் போடலையாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. அப்பா விதை போட்டா வந்துச்சு. அவரு போனதுக்கப்புறம் நான் போட்ட எதுவும் வெளங்கல. தண்ணியும் பணமும்தான் தண்டம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இந்தக் கையால நட்டா எப்படி வரும்?" என்றார்.

எங்கள் வீட்டில் விதை போடுவது அப்பா, தண்ணீர் ஊற்றுவது அம்மா. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. 'இந்தக் கை' என்று அம்மா எதைச் சொல்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ராசியான கை என்று டாக்டரைச் சொல்கிறோம், கடையில் முதல் போணி செய்பவரைச் சொல்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடவும், முளைப்பாலிகையில் தானியம் தூவவும் சுமங்கலிகளைத்தான் கூப்பிடுவார்கள். கணவரை இழந்தவர் அந்த நேரத்தில் தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் பழக்கம்தான் எங்கள் வீட்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறி வந்திருக்கிறது.

இத்தனைக்கும் எங்கள் ஊரைச் சுற்றி நெல் வயல்கள்தான். நாற்று நடுவது பெண்கள்தான். அவர்களில் யார் சுமங்கலி, யார் இல்லை என்று எந்த வயல்காரரும் கேட்டதில்லை. கூலிக்கு நடும் கைக்கு யாரும் ராசி பார்ப்பதில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் பேசி ஜெயிக்க முடியாது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தச் செடி, எந்த மாதம், முதலில் வாடியது இலையா பூவா, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று தோல்விகளைச் சொன்னார். மூன்றுமே உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

வெம்பி விழுந்த சுரைப் பிஞ்சுகள்

முதல் தோல்வி போன ஆடியில் போட்ட சுரை. கொடி நன்றாகப் படர்ந்தது. பூவும் வந்தது, பிஞ்சும் வந்தது. ஆனால் விரல் நீளம் வருவதற்குள் பிஞ்சுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. "என் கண்ணே பட்டுடுச்சு" என்பது அம்மாவின் முடிவு.

சுரைக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. நீளமான மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் போல ஒரு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. அந்தப் பிஞ்சு பூக்கும்போதே இருப்பதால் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காயாகும். சேராவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

சுரைப் பூ வெள்ளை நிறம், மலர்வதோ சாயங்காலம். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். தோட்டத்தில் தரையில் படரும் கொடிக்கு அவை எளிதாக வந்துவிடும். சுற்றிலும் கான்கிரீட்டாக இருக்கும் மாடிக்கு எல்லா நாளும் வராது. அந்த வேலையை நாம் செய்ய வேண்டியதுதான். சாயங்காலம் மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். ஓர் ஆண் பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூக்களுக்குத் தடவலாம். நான்கைந்து நாளில் பிஞ்சு பச்சையாகவே பெருத்தால் காய் பிடித்துவிட்டது என்று பொருள்.

பீர்க்கும் புடலையும் சாயங்காலம் மலர்பவை. பூசணி, பாகல், வெள்ளரி மூன்றும் காலையில் மலரும். அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஆண் பூக்கள் மட்டுமே வரும், பெண் பூ சில நாள் கழித்துத்தான் வரும். 'வெறும் பூவா பூக்குது' என்று கொடியைப் பிடுங்கிவிட வேண்டாம்.

விழுந்த பிஞ்சை ஒருமுறை அறுத்தும் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்குப் பொறி வைக்க வேண்டும். புழு இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை.

"சாயங்காலம் மேல போய் யாரு பாக்கறா? அந்த நேரத்துல அடுப்புல இல்ல இருப்பேன்" என்றார் அம்மா. அந்த ஒரு வரியில் விடை வந்துவிட்டது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் நேராக மாடிக்குப் போவது அப்பாவின் வழக்கம். கொடியைத் தொட்டு, நகர்த்தி, கயிற்றில் கட்டிக்கொண்டிருப்பார். அவருக்கே தெரியாமல் அவர் கை பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுபோயிருக்கும்.

முல்லைக் கொடிக்குத் தேரையே கொடுத்த பாரியின் நண்பர் கபிலர். அவர் உயிர்விட்ட இடம் என்று சொல்லப்படும் கபிலர் குன்று எங்கள் ஊர்த் தென்பெண்ணையாற்றில்தான் இருக்கிறது. சுரைக் கொடிக்குத் தேரெல்லாம் வேண்டாம். நாலு கழியும் சாயங்காலம் பத்து நிமிடமும் போதும்.

மழை விட்ட பிறகு வாடிய மிளகாய்

இரண்டாவது தோல்வி ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணையின் கரைகளில் இருப்பவர்கள் அந்த நாளை மறக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் மாடியில் இருந்த மிளகாய்ச் செடிகள் மழை விட்ட நான்காம் நாள் தலையைத் தொங்கப்போட்டன. வெயில் வந்ததும் வாடுகிறதே என்று அம்மா இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒரே வாரத்தில் அத்தனையும் போய்விட்டன.

இந்தத் தவற்றை எல்லோரும் செய்கிறோம். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. பையில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடும். மூச்சு முட்டிய வேர் அழுக ஆரம்பிக்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலை வாடும். பார்ப்பதற்குத் தாகத்தில் வாடுவது போலவே இருக்கும். நாம் இன்னும் ஊற்றுவோம், அது இன்னும் அழுகும்.

அதனால், செடி வாடினால் உடனே குவளையைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். பையின் அடித் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக் குச்சியால் குத்திவிடுங்கள். பையைத் தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேல் மண்ணைக் கிளறி, செடியை இரண்டு நாள் நிழலில் வைத்தால் பிழைக்கும் செடி பிழைத்துக்கொள்ளும். தண்டின் அடிப்பாகம் பழுப்பாகி, மண்ணில் அழுகல் வாடை வந்தால் அந்தச் செடியை எடுத்துவிடுங்கள். அதே மண்ணில் உடனே வேறு செடி வைக்க வேண்டாம்.

அம்மா கவிழ்த்து வைத்திருந்த பைகளைத் திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டில் ஏழு பைகளின் துளைகள் களிமண்ணால் பூசியது போல அடைத்திருந்தன. அப்பா எப்போதோ கொண்டுவந்த ஏரி வண்டல் அது. வயலுக்கு அது பொன். ஆனால் நார்க்கழிவு கலக்காமல் பையில் போட்டால் இறுகிக் கல்லாகிவிடும்.

கொட்டிப்போன கத்தரிப் பூக்கள்

மூன்றாவது தோல்வி இந்த ஏப்ரல், மே மாதங்களில் நடந்தது. கத்தரியும் தக்காளியும் பூத்துக் குலுங்கின. ஆனால் ஒரு காய்கூட நிற்கவில்லை. அப்பா வைத்திருந்த அதே இடம், அதே உரம். "அப்பவும் வெயில்தானே அடிச்சுது?" என்று கேட்டார் அம்மா. அப்பா எப்போது நாற்று விடுவார் என்று கேட்டேன். "ஆடியிலதான்" என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். அம்மா நாற்று விட்டது மாசியில்.

பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸையும் இரவு வெப்பம் 25 டிகிரியையும் தாண்டிக்கொண்டே இருந்தால் தக்காளியில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ இருக்கும், காய் இருக்காது. கான்கிரீட் மாடி பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கிறது. தரையில் இருக்கும் செடியைவிட மாடியில் இருக்கும் செடி அதிகம் தவிப்பது இதனால்தான். நம் ஊர்க் கோடையில் தக்காளி காய்க்காததற்குக் கையைக் குறை சொல்வது, மே மாதம் வியர்ப்பதற்குச் சட்டையைக் குறை சொல்வது போல.

கத்தரிப் பூவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பூவைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சள் நிறத்தில் கூம்பு போல மகரந்தப் பைகள் இருக்கும். அந்தக் கூம்பைத் தாண்டி வெளிர்பச்சை முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். முனை வெளியே தெரியாமல் உள்ளேயே ஒளிந்திருந்தால் அது காய்க்காத பூ, கட்டாயம் உதிரும். எல்லாக் கத்தரிச் செடியிலும் இரண்டு வகைப் பூக்களும் வரும். செடி வெயிலிலோ சத்துக் குறைவிலோ தவிக்கும்போது காய்க்காத பூ கூடிவிடும். ஆகவே சில பூ உதிர்வது இயற்கை. எல்லாமே உதிர்ந்தால்தான் நிழலையும் உரத்தையும் கவனிக்க வேண்டும்.

நல்ல பூவாக இருந்தாலும் கொஞ்சம் அதிர்வு தேவை. கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் பையில் உள்ள சிறு துவாரம் வழியாக உப்பு டப்பாவிலிருந்து உப்பு கொட்டுவது போலக் கொட்ட வேண்டும். கருவண்டு போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டே அதை உதிர்த்துவிடும். தேனீக்கு அந்த வித்தை வராது. வண்டு வராத மாடியில், காலை எட்டு, ஒன்பது மணிக்குள் பூக்காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிடுங்கள். காய் பிடிப்பதில் வித்தியாசம் தெரியும்.

கோடையில் 50 சதவிகித நிழல்வலை கட்டுங்கள். மண்ணின் மேல் மூடாக்கு போடுங்கள். எங்கள் பக்கம் மல்லாட்டைத் தோலும் கரும்புச் சோகையும் தாராளமாகக் கிடைக்கும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். அதெல்லாம் கிடைக்காதவர்கள் காய்ந்த இலைச் சருகைப் போடலாம். மண்ணின் ஈரம் சீக்கிரம் காயாது.

அப்பா கையில் செத்த பப்பாளி

மூன்றுக்கும் காரணம் சொல்லி முடித்தேன். அம்மா தலையை ஆட்டினார். ஆனாலும் முகம் மாறவில்லை. "நீ படிச்சவ, சொல்லிடுவ. அப்பா கையில எதுவும் செத்ததில்லையே" என்றார்.

"பப்பாளி?" என்றேன்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு பப்பாளி மரங்கள் நின்றன. ஒரு வருடம் இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியது. அப்பா சோப்புத் தண்ணீர் அடித்தார், சாம்பல் தூவினார். இரண்டுமே போய்விட்டன. பக்கத்தில் இருந்த செம்பருத்தியும் போனது.

அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் 2008-ல் கோயம்புத்தூரில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பரவிப் பப்பாளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிட்டது. எங்கள் மாவட்டத்தில் நிறையப் பயிரிடப்படும் மரவள்ளிக்கும் அது எதிரி. சொந்த மண்ணில் அதைக் கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகள் இங்கே இல்லாததால் மருந்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழித்தன. அதன் பிறகுதான் பூச்சி அடங்கியது.

அந்த இரண்டு வருடமும் தமிழ்நாட்டில் எத்தனை பேர் தங்கள் கையை நொந்துகொண்டார்களோ! பூச்சிக்குத் தெரியாது, இது சுமங்கலி வைத்த மரமா, ராசிக்காரர் வைத்த மரமா என்று.

தொட்டால் பட்டுப்போகுமா?

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் கறிவேப்பிலையையும் துளசியையும் தொட்டால் பட்டுப்போகும் என்று பல வீடுகளில் இன்றும் பெண் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இதை நம் ஊர் மூடநம்பிக்கை என்று மட்டும் நினைக்காதீர்கள். 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற டாக்டர், மாதவிலக்கில் இருக்கும் பெண் தொட்ட பூக்கள் சீக்கிரம் வாடுகின்றன, அவர்கள் உடலில் ஏதோ விஷம் சுரக்கிறது என்று எழுதினார். சாதாரண ஆள் இல்லை. தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனை ஒன்று இவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்த 'விஷம்' பற்றிப் பிறகு பல வருடங்கள் ஆராய்ச்சிகள் நடந்தன. அப்படி ஒன்று இருப்பதாக நிரூபிக்கப்படவே இல்லை. கறிவேப்பிலைக் கன்று வாடுவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டுதான்: சின்னத் தொட்டி, தினம் ஊற்றும் அதிகத் தண்ணீர்.

"டாக்டரே அப்படிச் சொன்னாரா!" என்று ஆச்சர்யப்பட்டார் அம்மா. "டாக்டரே தப்பாத்தான் சொன்னாரும்மா" என்றேன்.

எதிர் வீட்டுப் பாட்டி

எங்கள் தெருவில் கைராசி என்றால் எதிர் வீட்டுப் பாட்டிதான். புதிதாக வீடு கட்டிக் குடிவருபவர்கள்கூட முதல் கன்றை அவர் கையில் கொடுத்து நடச் சொல்வார்கள். கனகாம்பரம், அவரைப் பந்தல், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கறிவேப்பிலை மரம் என்று வாசலே பச்சையாக இருக்கும். சாயங்காலம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய், "பாட்டி, உங்க கைராசிக்கு என்ன ரகசியம்?" என்று கேட்டேன்.

"ராசியாவது ஒண்ணாவது! காலையில ஒரு தரம், வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம் எலையத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். பூச்சி இருந்தா கையாலயே நசுக்கிடுவேன். அவ்ளோதான்."

"உங்க கையில செடி செத்ததே இல்லையா?"

பாட்டி சிரித்துவிட்டார். "ஏன் சாவாது? பத்து ஊனினா நாலு போயிடும். புடுங்கி எருக்குழியில போட்டுட்டு வேற ஊனிடுவேன். செத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பொழைச்சதுதானே தெருவுக்குத் தெரியும்?"

பிறகு அம்மாவைப் பார்த்தார். என்ன விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கவிழ்த்து வைத்த பைகளை எதிர் வாசலிலிருந்து அவர் பார்த்திருக்கக்கூடும்.

"இந்தா பாரு. எங்க வூட்டுக்காரரு போயி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. இந்தக் கறிவேப்பிலை அவரு போன மறுவருஷம் நான் வச்சது. உன் கல்யாணத்துலேர்ந்து உங்க வூட்டு ரசத்துக்கு இதுலதான் பறிக்கிற. என்னிக்காவது கசந்துச்சா?"

அம்மா பதில் சொல்லவில்லை. தெருவே ராசியான கை என்று கொண்டாடும் அந்தக் கை யாருடையது என்று இத்தனை வருடமாக நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. பாட்டி உள்ளே போய், துணியில் முடிந்துவைத்திருந்த அவரை விதையில் ஒரு பிடி எடுத்துவந்தார். அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார்.

ஆடிப்பெருக்குக்குள் செய்ய வேண்டியவை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களும் பைகளைக் கவிழ்த்து வைத்தவராக இருந்தால் இப்படித் தொடங்குங்கள்.

1. பழைய மண்ணைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கிவிட்டு நான்கைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், கிடைத்தால் டிரைக்கோடெர்மா விரிடியும் சேர்த்தால் வேர் அழுகல் குறையும்.

2. பையின் துளைகளைச் சரிபாருங்கள். அடியில் தேங்காய் மட்டைத் துண்டு போட்டால் மண் துளையை அடைக்காது. செங்கல் மேல் வையுங்கள்.

3. பழைய விதையாக இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து ஐந்தாறு நாள் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. மூன்று நான்குதான் என்றால் விதையை மாற்றுங்கள்.

4. வெண்டை, கொத்தவரை, அவரை, சுரை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றை நேரடியாகப் பையிலேயே ஊன்றலாம். சுரை, பாகல் விதைகளை ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்று விட்டு, 25 முதல் 40 நாட்களில் எடுத்து நடுங்கள். நடுவது சாயங்காலமாக இருக்கட்டும்.

5. அடுத்த வருடத்துக்கு விதை எடுக்க நினைத்தால் நாட்டு ரகம் போடுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை, அதே மாதிரி காய்க்கும் என்ற உறுதி இல்லை. கத்தரியில் நம் வட மாவட்டங்களின் பெருமை வேலூர் முள்ளுக் கத்தரி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது.

6. தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில், தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைத் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைச் செடித் தொகுப்பும் மானியத்தில் தந்தார்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

7. ஒரு நோட்டு போடுங்கள். விதைத்த தேதி, முதல் பூ வந்த தேதி, செடி வாடினால் அதற்கு முந்தின மூன்று நாள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மூன்று முறை எழுதினால் காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் தெரியவில்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம். 'கைராசி இல்லை' என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள்.

ஞாயிறு இரவு நான் சென்னைக்குக் கிளம்பும்வரை அம்மா எதுவும் சொல்லவில்லை. பைகளும் கவிழ்ந்தபடியே இருந்தன. நானும் வற்புறுத்தவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கு அடுத்த வியாழக்கிழமை, டெஸ்கில் வேலையாக இருந்தபோது அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. செங்கல் மேல் ஒரு பை, மண்ணைத் தள்ளிக்கொண்டு வளைந்து நிற்கும் ஓர் அவரை முளை. கீழே எதுவும் எழுதவில்லை. உடனே போன் செய்தேன்.

"எத்தனை போட்டீங்கம்மா?"

"பத்து. ஆறு வந்திருக்கு" என்றார். பிறகு அவரே சொன்னார், "மீதி நாலு வரலைன்னா வேற ஊனிக்கலாம். பாட்டி இன்னும் ஒரு பிடி வச்சிருக்காங்களாம்."